கொரோனாவைக் கண்டவர் யார்?

மாணவ நண்பர்களே! இக்கட்டுரையை மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கொரோனா என்றதும் உங்கள் மனத்தில் தோன்றுவதை இரண்டு நிமிடத்தில் வரையுங்கள். அழகாக வரவேண்டும் என்பதில்லை. வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு தொடருங்கள்.

வரைந்தாயிற்றா? உங்களில் பெரும்பாலோர் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிலும் முட்களை நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வண்ணப் பென்சில் கையில் இருந்தால் பச்சையோ சிவப்போ தீட்டியிருப்பீர்கள். சிலர் அதற்குக் கண்களும் கோரைப்பல்லும்கூட வைத்திருக்கலாம். இப்போது ஒரு கேள்வி. இந்த முள் உருண்டையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? உங்கள் தெருவிலா? வீட்டுக் கூடத்திலா? காய்ச்சலில் படுத்திருந்த சித்தப்பாவின் அருகிலா?

அங்கெல்லாம் நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும்தான் பார்த்தீர்கள். அந்தப் படத்தின் மூலம் எதுவென்று தெரியுமா? அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்பு மையத்தில் மருத்துவ ஓவியர்களாக இருந்த அலிஸா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் என்ற இருவர் 2020 ஜனவரியில் அதைக் கணிப்பொறியில் உருவாக்கினார்கள். சாம்பல் நிறப் பந்து, சிவப்பு முட்கள், இடையிடையே ஆரஞ்சு, மஞ்சள் புள்ளிகள். முட்களும் புள்ளிகளும் வைரஸின் மேலுறையில் உள்ள புரதங்களைக் குறிப்பவை. வடிவம் ஆராய்ச்சியில் கிடைத்தது. நிறம் மட்டும் ஓவியர்கள் தேர்ந்தெடுத்தது.

ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், உண்மையான நிறத்தையே தீட்டலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் இயற்பியல் குறுக்கே வருகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கொரோனா வைரஸின் விட்டமோ சுமார் 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தில் அலை அடிக்கும்போது கவனித்திருக்கிறேன். படித்துறைக் கல்லில் மோதிய அலை திரும்பி வருகிறது. நீரில் நட்டு வைத்த ஓர் ஈர்க்குச்சியையோ அது பொருட்படுத்துவதே இல்லை. குச்சி இருந்ததற்கான சுவடே இன்றிக் கடந்து போய்விடுகிறது. ஒளி அலைக்கு வைரஸ் அந்த ஈர்க்குச்சி போன்றது. எவ்வளவு நல்ல கண்ணாடி வில்லைகளைப் பொருத்தினாலும் சாதாரண நுண்ணோக்கியில் அதன் உருவம் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். அது தரும் படம் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே. பத்திரிகைகளில் காணும் வண்ணமெல்லாம் பிறகு ஏற்றியவை.

மனிதரைத் தொற்றும் இவ்வகை வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலாகத் தெளிவாகப் படம் எடுத்தவர் ஜூன் அல்மெய்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவர் அவர்! 1968ஆம் ஆண்டு எட்டு அறிவியலார் சேர்ந்து இவ்வைரஸ் கூட்டத்துக்குப் பெயர் சூட்டினார்கள். முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்குக் கொரோனா என்று பெயர் அல்லவா? வைரஸைச் சுற்றியிருந்த விளிம்பு அதை நினைவூட்டியதாம்.

ஆகவே முள் உருண்டை பொய் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் சென்னையில் ஓர் ஓவியர் செய்து கொடுத்த கொரோனா வடிவத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காவல் அதிகாரி ஒருவர் சாலையில் நின்று, வெளியே வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 2021இல் கோயம்புத்தூரை அடுத்த இருகூரில் ‘கொரோனா தேவி’ என்று சிலையே அமைத்தார்கள். அதே கோவையில் பழைய பிளேக் நோய்க் காலத்தின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு உருவம் கொடுத்தால்தான் மனிதன் அதனோடு பேசவோ சண்டையிடவோ முடிகிறது போலும். ஆனால் அது நாம் கேட்டறிந்த உருவம். அந்த நாட்களில் நாம் நம் கண்ணாலேயே கண்டவை என்று வேறு சில உண்டே, அவற்றை வரைந்தவர் எத்தனை பேர்?

காலத்தைச் சற்று நினைவுபடுத்துகிறேன். உங்களில் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியது. தேதி தள்ளித் தள்ளிப்போன பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ஜூன் 9 அன்று ரத்து செய்யப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. கணக்கிட்டுப் பாருங்கள், பத்தொன்பது மாதத்துக்கும் மேல்! மூன்றாம் வகுப்பில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளை, ஐந்தாம் வகுப்பின் பாதியில் திரும்பி வந்தது.

2020 ஜூன் மாதம் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த சமயம். கல்லூரி மூடியிருந்தது. எனக்கும் வேலை குறைவு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பொழுது போகாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, பழைய ரெக்கார்டு நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து ஆளுக்கு நான்கு கொடுத்து, கொரோனாவைப் பற்றிப் படம் வரையச் சொன்னேன். மறுநாள் வந்து சேர்ந்தவை எல்லாம் முள் உருண்டைகள். ஒன்றில் பூமி உருண்டையே முகக்கவசம் அணிந்து அழுதது. இன்னொன்றில் முருகன் வேலால் கொரோனாவைக் குத்திக்கொண்டிருந்தார். எல்லாமே எங்கோ பார்த்துப் போட்டவை.

இரண்டாம் முறை தாள் கொடுத்தபோது ஒரு நிபந்தனை சேர்த்தேன். ‘உன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரைய வேண்டும். படத்தின் கீழே என்றைக்குப் பார்த்தாய், எங்கே நின்று பார்த்தாய் என்று எழுத வேண்டும்.’ செய்முறை வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்வதுதான் இது. ஆனால் அந்த ஒரு நிபந்தனையால் படங்கள் அடியோடு மாறிவிட்டன. ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள், வட்டத்துக்குள் ஆளுக்குப் பதிலாக ஆள் வைத்துவிட்டுப் போன பைகள். ஒரே கைபேசியைச் சுற்றி மூன்று தலைகள். விலை போகாமல் வீட்டு முற்றத்தில் கொட்டிக் கிடந்த மல்லிகை, அதில் படுத்துத் தூங்கும் நாய். பிறகு ஆடி மாதத்தில் ஒரு பையன், தபசுக் காட்சிக்கு நிற்க இடமில்லாமல் நெரிசல்படும் எங்கள் ரத வீதியை வெறுமையாக வரைந்து, நடுவில் ஒரே ஒரு சைக்கிளை நிறுத்தியிருந்தான்.

அந்தக் கட்டில் ஒரு படம் என்னை விட்டுப் போகவே இல்லை. வரைந்தவள் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு சிறுமி. எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத தெருக்கள் குறைவு. அவள் வீட்டை ஒட்டியும் தறிக்கூடம் உண்டு. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இரண்டு படங்கள் வரைந்திருந்தாள். இடப்பக்கத்தில் தறி, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அதிலிருந்து தரைவரை சாய்வாக இறங்கும் வெளிச்சம், கெட்டியான ஒரு கம்பு போல, கம்பு முழுவதும் புள்ளிகள். வலப்பக்கத்தில் அதே தறி, அதே கண்ணாடி ஓடு, தரையில் வெளிச்சத் திட்டு. ஆனால் நடுவில் கம்பைக் காணோம். கீழே ‘ஏப்ரல், சித்திரைக்கு முன்னால்’ என்று எழுதியிருந்தாள்.

மறந்துவிட்டாள் என்று எண்ணி, “ஏம்மா, இந்தப் படத்துல வெளிச்சம் மேலேருந்து எப்படித் தரைக்கு வந்துச்சு?” என்று கேட்டேன்.

“வந்துச்சு சார். ஆனா கம்பு தெரியல. தறி ஓடல, பஞ்சு பறக்கல. அதான் வெறும் தரையில மட்டும் வெளிச்சம் கிடந்துச்சு” என்றாள்.

நண்பர்களே, இதை நான் பட்ட வகுப்பில் ஒரு மணி நேரம் செலவழித்து விளக்குவது வழக்கம். ஒளிக்கற்றையைப் பக்கத்திலிருந்து நாம் பார்க்க முடியாது. ஒளி நம் கண்ணுக்குள் வந்தால்தானே தெரியும்? கற்றை தன் வழியே தரைக்குப் போகிறது. நடுவில் தூசி இருந்தால், அது ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி நம் கண்ணுக்கு வருகிறது. நாம் கற்றை என்று காண்பது உண்மையில் தூசியைத்தான். தறி நின்று சில நாளான கூடத்தில் பஞ்சுத் தூசி அடங்கிவிட்டது, கற்றையும் மறைந்துவிட்டது. (முழுவதும் மறைந்திருக்காது, மிக நுண்ணிய தூசி எந்த அறையிலும் மிதக்கும். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்திருந்தால் மங்கலாகத் தெரிந்திருக்கும். ஆயினும் வழக்கமாகக் கண்ட கம்போடு ஒப்பிட, அவள் கண்ணுக்கு அது இல்லை. கண்டதை அவள் வரைந்தாள்.)

இந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் ஜான் டிண்டால் என்ற இயற்பியலார் நோயின் பக்கம் வந்தார். 1870 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ‘தூசியும் நோயும்’ என்ற பொருளில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இருட்டறையில் வலிமையான ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, தூய்மையானது என்று நாம் எண்ணும் காற்றில் எவ்வளவு மிதக்கிறது என்று காட்டினார். பிறகு ஒரு கைப்பிடிப் பஞ்சை வாயருகே வைத்து, அதன் வழியே மூச்சை உள்ளிழுத்து, ஒளிக்கற்றையின் மேல் ஊதினார். ஊதிய இடத்தில் கற்றை கறுத்தது! பஞ்சு தூசியை வடிகட்டிவிட்டது. நோய்க் கிருமிகளும் இவ்வாறு காற்றில் மிதந்து வரலாம். அப்படியானால் மருத்துவர்கள் பஞ்சு வழியாக மூச்சு விடுவது நல்லது என்றார். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்ட முகக்கவசத்தின் கருத்து அந்தச் சொற்பொழிவிலேயே இருக்கிறது.

இனி, பிள்ளைகள் வரைந்த சுண்ணாம்பு வட்டத்துக்கு வருவோம். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி நில் என்றார்கள், ஏன்? இருமும்போது தெறிக்கும் பெரிய எச்சில் துளிகள் அந்தத் தொலைவுக்குள் தரையில் விழுந்துவிடும் என்பதால். பதினோராம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி படிப்பீர்கள். காற்றில் சிறு துளி விழும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளி வினாடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். வாயின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் ஐந்தாறு வினாடியில் தரையைத் தொடும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூற்றில் ஒரு பங்கு. 10 மைக்ரோமீட்டர் துளி தரைக்கு வர எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரோமீட்டர் துளிக்கு? நீங்களே போட்டுப் பாருங்கள். அசையாத காற்றில் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம்! துளி வழியிலேயே உலர்ந்து இன்னும் சிறுத்துவிடும் என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நேரம் கூடுமே தவிரக் குறையாது.

அதாவது, பெரிய துளிக்குச் சுண்ணாம்பு வட்டம் போதும். சிறு துளியோ தறிக்கூடத்துப் பஞ்சைப் போல அறையெங்கும் சுற்றிவரும். அதற்கு மருந்து திறந்த சன்னல்தான். இதைச் சுட்டிக்காட்டி 2020 ஜூலையில் 239 அறிவியலார் ஒப்பமிட்டு ஒரு வேண்டுகோள் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கங்களில் இதைத் தெளிவாக எழுதியது 2021இல்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஸ்டோக்ஸ் விதியைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டுகிற நான், 2020இல் என் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்காயைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். செய்தித்தாளை வெயிலில் காயவைத்தேன். கிருமி உள்ளே வந்துவிடுமே என்று சன்னல்களை இறுகச் சாத்தினேன். உறவினர் நான்கு பேர் வந்தால் சாத்திய அறையில் உட்காரவைத்துப் பேசினேன். அந்தச் சிறுமியின் படம் ஜூன் மாதமே என் மேசை மேல் இருந்தது. அதையும் வட்டத்தையும் இணைத்துப் பார்க்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. பிள்ளைகளின் படங்களை எல்லாம் மீண்டும் புரட்டினேன். ஒன்றிலும் திறந்த சன்னல் இல்லை. பெரியவர்கள் திறக்காத சன்னலைப் பிள்ளைகள் எப்படி வரைவார்கள்?

ஊரடங்கு நாட்களில் மாணவர்களுக்கு ஒரு செய்தி ஓயாமல் அனுப்பப்பட்டு வந்தது. பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் ஊருக்குப் போய் உலகையே மாற்றிவிட்டார், நீ என்ன செய்யப் போகிறாய் என்று. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. 1665இல் பல்கலைக்கழகம் மூடியதும் அவர் வூல்ஸ்தார்ப் என்ற தன் கிராமத்துக்குப் போனதும் உண்மை. ஆனால் அவர் சிந்தனைகள் பல அதற்கு முன்பே தொடங்கி, பின்னும் பல ஆண்டுகள் நீடித்தவை. நிலமும் வேலையாட்களும் உள்ள வீடு அது. மூன்று பேருக்கு ஒரு கைபேசி உள்ள வீட்டோடு அதை ஒப்பிடுவது நியாயமா? நான் கவனிக்கச் சொல்வது அவருடைய நோட்டுப் புத்தகத்தைத்தான். அக்கால நோட்டு ஒன்றில் கண்ணின் பின்புறம் ஒரு மழுங்கிய ஊசியைச் செருகி அழுத்தி, தெரிந்த வண்ண வட்டங்களைப் படம் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துக் குறியிட்டிருக்கிறார். (நீங்கள் அதைச் செய்து பார்க்கக்கூடாது! அவர் கண் தப்பியது அதிருஷ்டம்.) கண்டது எது என்பதை அப்படி வரைந்து வைத்ததால் இன்றும் நாம் அவர் தோளுக்குப் பின் நின்று பார்க்க முடிகிறது.

1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல், சில மதிப்பீடுகளின்படி ஒன்றேமுக்கால் கோடிக்கும் மேல் மக்கள் மாண்டார்கள். நார்வே நாட்டு ஓவியர் மூங்க் அந்நோயின்போது நாற்காலியில் போர்வையோடு அமர்ந்திருக்கும் தன் உருவத்தை 1919இல் தீட்டி வைத்தார். இந்திக் கவிஞர் நிராலா மனைவியையும் உறவினரையும் இழந்ததைப் பின்னாளில் எழுதினார். நம் பக்கத்தில்? அரசு அறிக்கைகளில் இறப்பு எண்கள் இருக்கின்றன. ஆனால் அன்றைய ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் திண்ணையிலிருந்து என்ன கண்டது என்று தேடினால் என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இம்முறை சிலர் விழித்துக்கொண்டார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2020 ஏப்ரலில் கல்வித்துறை ‘அட்சரவிருட்சம்’ என்ற பெயரில் வீட்டிலிருந்த மாணவர்களின் கதை, கவிதை, கட்டுரைகளைத் திரட்டியது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் வந்து சேர்ந்தன. பெரிய முயற்சி அது. எனக்கு ஒரே குறை, சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த் தடுப்பு என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். தலைப்பு கொடுத்தால் மாணவன் ‘கை கழுவுவோம்’ என்று எழுதுவான். ஆசிரியனாக எனக்கு இது நன்றாகத் தெரியும். நீ கண்டது என்ன என்று கேட்டால்தான் தறிக்கூடம் வெளியே வரும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. நினைவு மங்குவதற்குள் அந்நாட்களில் ஒன்றை வரையுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எங்கே நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் எதிரே இருந்தார்கள் என்பதைக் குறியுங்கள். கண்டதை நீல மையிலும், பிறகு கேள்விப்பட்டதைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். எது எந்த மையில் வரவேண்டும் என்று கை தயங்கும் இடங்கள் உண்டு. அங்கே பென்சிலால் எழுதி, அருகில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுத் தேதியைச் சரி பாருங்கள். ஆனால் படத்தை அவர்கள் சொற்படி திருத்தாதீர்கள்.

வரைய மனம் வராத நாட்களும் சிலருக்கு இருக்கும். 2021 மே மாத இரண்டாம் அலைக்குப் பிறகு எங்கள் தெருப் பையன் ஒருவன் கொடுத்த தாளில் ஒரு திண்ணையும், அதன் கீழே ஒரு ஜோடிச் செருப்பும் மட்டுமே இருந்தன. தேதி போட்டிருந்தான், வேறொன்றும் எழுதவில்லை. அது யாருடைய செருப்பு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேதியைத் தவிர நானும் எதையும் கேட்கவில்லை.

அந்தச் சிறுமியின் தாளில் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு அதை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் மூன்றாவது படம் இருந்தது. கண்ணாடி ஓடு, தறி, வெளிச்சக் கம்பு. கம்புக்குள் மறுபடியும் புள்ளிகள். இம்முறை புள்ளிகளுக்கு அம்புக்குறி இட்டிருந்தாள். எல்லா அம்புகளும் கீழ்நோக்கி இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் போயின.